நாங்கள் போகாத கல்கத்தா

2009 செப்டம்பரில் நானும் என் கணவரும் கல்கத்தா போய் வந்ததாக ஒரு மத்திய அரசு அலுவலகத்தின் கோப்பில் இருந்தது. நாங்கள் போகவில்லை. அந்த நாட்களில் சிதம்பரத்தில், என் தம்பி வீட்டு மாடி அறையில், தெருப்பக்க ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இந்தக் கதையை எங்கள் உறவில் எல்லோரும் வேடிக்கையாகச் சொல்கிறார்கள். என் கணவரே சிரித்துக்கொண்டு சொல்கிறார். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை. அதனால் நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவைக்கிறேன்.

ஓர் ஊருக்குக் கிளம்புவதற்கு முன் அந்த ஊரில் நடக்கும் கதைகளைத் தேடிப் படிப்பது என் பழக்கம். சுற்றுலாக் கையேடுகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. நாங்கள் குடியிருக்கும் கடலூர் செம்மண்டலத்தில் பெருமழை பெய்தால் எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் நிற்கும், எந்தத் தெருக்காரர்கள் அதைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள் என்பதெல்லாம் எந்தக் கையேட்டிலும் வராது. அது கதை எழுதுகிறவர்களுக்கு மட்டும்தான் தேவைப்படும். முதல் முறை மதுரைக்குப் போனபோது, படித்துவிட்டுப் போனதால், மாசி வீதிகளில் யாரிடமும் வழி கேட்காமல் நடந்தேன். அந்த சந்தோஷம் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

கல்கத்தா 2004-இல் தொடங்கியது. கடலூர் நூலகத்தில் வங்க நாவல்களின் தமிழ் மொழிபெயர்ப்புகள் ஒரு முழு அலமாரி இருந்தன. பாதிக்கு மேல் யாரும் தொடாதவை. கோடை விடுமுறையில் ஒன்றை எடுத்தேன். அடுத்த வருடத்துக்குள் அந்த அலமாரியை முடித்துவிட்டு, சிதம்பரத்தில் அம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அங்கே தெரிந்த ஒரு பேராசிரியர் வீட்டிலிருந்து ஆங்கிலத்தில் வந்தவற்றையும் வாங்கிவந்து படித்தேன். நான் தனியார் பள்ளியில் சரித்திர ஆசிரியை. எதைப் படித்தாலும் இது எந்த வருடம் என்று கேட்காமல் என்னால் மேலே போக முடியாது. நாவலில் வருடம் இருக்காது. நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். தெருவிளக்குக்குக் கறுப்புத்தாள் ஒட்டியிருந்தால் யுத்த காலம். ஸ்டேஷன் நடைமேடையில் குடும்பம் குடும்பமாகப் படுத்திருந்தால் பிரிவினைக்குப் பிறகு. சுவரில் கட்சி எழுத்தும் வீட்டில் காணாமல்போன பிள்ளையும் இருந்தால் எழுபதுகளின் தொடக்கம். பழைய மாதக் காலண்டர் தாள்களை ஒட்டி, பின்பக்கத்தில் ஹூக்ளி நதியை வரைந்து, கரையோரத்திலிருந்து தெருக்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். ஒவ்வோர் இடத்துக்கும் பக்கத்தில் வருடம். இப்போது இல்லை என்று தெரியவந்ததைச் சிவப்பு மையால் அடித்துவிடுவேன். அந்தப் படம் எங்கள் படுக்கையறைக் கதவின் உட்புறம் ஐந்து வருடம் தொங்கியது.

அந்த ஊருக்கு நான் போவதற்கு ஒரே வழி என் கணவரின் வேலை. மத்திய அரசு ஊழியர்களுக்கு நான்கு வருடத்துக்கு ஒரு முறை, இந்தியாவில் எந்த ஊருக்கு வேண்டுமானாலும் குடும்பத்தோடு போய்வர அலுவலகம் பயணச் செலவைத் தரும். எல்டிசி என்பார்கள். எங்கள் நான்கு வருடம் 2006-இல் ஆரம்பித்து 2009 கடைசியில் முடிகிறது. 2006-இல் கேட்டேன். மாமியார் உடம்பு சரியில்லை. 2007-இல் கேட்டேன். காடாம்புலியூரில் இவர்கள் குடும்பத்துக்கு இருக்கும் முந்திரித் தோப்புக்கு வேலி போடும் வேலை. 2008-இல் மகளைக் கல்லூரியில் சேர்த்து ஹாஸ்டலில் விட்டோம். "அடுத்த வருஷம் கண்டிப்பா. பூஜை நேரத்துலயே போவோம், போதுமா?" என்றார். துர்கா பூஜை வராத வங்க நாவல் அனேகமாக இல்லை. 2009-இல் அது செப்டம்பர் கடைசியில், எங்கள் பள்ளியின் காலாண்டு விடுமுறையில் வந்தது. இதைவிடப் பொருத்தமாக ஒரு வருடம் எனக்கு வாய்க்காது என்று நினைத்தேன்.

அந்த ஆகஸ்டில் ஓர் அதிசயம் நடந்தது. கல்யாணமான நாளிலிருந்து என் புத்தகங்களை "எடத்த அடைக்குது" என்று மட்டுமே சொல்லிவந்த மனிதர், சாயங்காலம் அலுவலகத்திலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் அந்தப் படத்துக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார ஆரம்பித்தார்.

"ஸ்டேஷன்ல எறங்குறோம். அப்புறம் என்னா?"

"வெளிய வந்தா நதி. பாலம் தெரியும். பாலத்தத் தாண்டுனா பெரிய கடைத்தெரு."

"எதுல தாண்டுவாங்க?"

"நான் படிச்ச ஒரு நாவல்ல அவன் டிரங்குப் பெட்டியோட டிராம்ல ஏறிப் பாலத்தத் தாண்டுவான். கீழ தண்ணி, மேல டிராம். அது அம்பதுகள்ல நடக்குற கதைங்க. இப்ப பாலத்துமேல டிராம் கெடயாது. தொண்ணூத்தி மூணுலயே நிறுத்திட்டாங்க. பாருங்க, செவப்புல அடிச்சிருக்கேன்."

"வருஷமெல்லாம் எதுக்கு? நீ எடத்த சொல்லு."

சொன்னேன். காபி ஆறுவது தெரியாமல் சொன்னேன். எந்தத் தெருவில் பழைய புத்தகக் கடைகள், மண் குவளையில் டீ குடித்துவிட்டு அதை எங்கே போட்டு உடைப்பார்கள், மதியம் மீன் இல்லாவிட்டால் வீட்டு ஆண்கள் எப்படி முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார்கள் என்று எல்லாம் சொன்னேன். ஒருநாள் நான் சொன்னதை அவரே எனக்குத் திருப்பிச் சொன்னார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை வருடம் கழித்து இந்த மனிதருக்கும் எனக்கும் பேச ஒரு விஷயம் கிடைத்தது என்று நம்பினேன்.

கிளம்பும் நாளன்று பெட்டியோடு பஸ் நிலையத்துக்குப் போனோம். அவர் சிதம்பரம் பஸ்ஸில் ஏறினார். கல்கத்தாவுக்குச் சென்னை போய்த்தான் ரயில் ஏறவேண்டும். சென்னை வடக்கே இருக்கிறது, சிதம்பரம் தெற்கே. "எதுக்குங்க இந்தப் பஸ்ஸு?" என்றேன்.

"மச்சான் கார்ல அனுப்புறேன்னு சொல்லியிருக்கான். சொகமா போவலாம், ஏறு."

மச்சான் என்றது என் தம்பியை. அவன் சிதம்பரத்தில் டிராவல்ஸ் வைத்திருக்கிறான். அவன் டிக்கெட் எடுத்திருப்பது எனக்குத் தெரியும். அதனால் ஏறினேன். தம்பி வீட்டில் எங்களுக்கு மாடி அறையைப் பெருக்கி, மெத்தை போட்டு, குடத்தில் தண்ணீர் வைத்திருந்தார்கள். கார் எங்கே என்று கேட்டேன். தம்பி என் முகத்தைப் பார்க்காமல் இவரைப் பார்த்தான்.

"மாமா, நீங்க இன்னும் சொல்லலியா?"

"நீயே சொல்லுடா. உங்க அக்காதான."

அப்போதுதான் தெரிந்தது. டிக்கெட் எடுத்தது உண்மை. நகல் எடுத்து வைத்துக்கொண்டு அதை ரத்து செய்ததும் உண்மை. இனி விடுப்பு முடியும்வரை கடலூர்க்காரர் யார் கண்ணிலும் படாமல் இங்கே இருந்துவிட்டு, போய்வந்ததாக எழுதிக் கொடுத்தால் வரும் பணத்தையும் போட்டு செம்மண்டலம் வீட்டுக்கு மாடியில் ஓர் அறை எழுப்பலாம்.

"எங்கிட்ட வர்றவுங்கள்ல முக்காவாசிப் பேரு இப்டித்தான்கா. நெசமா போறவன் யாரு? போனா செலவு ஜாஸ்தி, அலைச்சல் ஜாஸ்தி."

"நான் போறவடா. அஞ்சு வருஷமா நான் போறதுக்குத்தான் இருந்தேன்."

"மாமா சொன்னாரே, நீ படிச்சே எல்லாத்தயும் பாத்துட்டேன்னு."

அந்த வாக்கியத்தை என் தம்பி கிண்டலாகச் சொல்லவில்லை. ஆறுதலாகச் சொன்னான். அதுதான் என்னால் பொறுக்க முடியவில்லை. கையில் இருந்த டம்ளரைச் சுவரில் எறிந்தேன். ஆகஸ்ட் முழுவதும் என் கணவர் எதற்காக அந்தப் படத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார் என்பது அந்த நிமிடத்தில் புரிந்தது. அலுவலகத்தில் யாராவது கேட்டால் சொல்வதற்கு அவருக்கு ஒரு கல்கத்தா வேண்டியிருந்தது. வீட்டுக் கதவிலேயே ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

அப்படியே எழுந்து கடலூருக்குப் போயிருப்பேன். வீட்டுச் சாவி அவரிடம் இருந்தது. அக்கம்பக்கம் முழுக்க நாங்கள் வடக்கே போயிருப்பதாகச் சொல்லியாகிவிட்டது. பள்ளியில் நானே என் வாயால் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்திருந்தேன். மறு டிக்கெட்டுக்குக் கேட்டேன். பூஜைக் கூட்டத்தில் ஒரு ரயிலிலும் இடம் இல்லை என்றான் தம்பி. அது உண்மையாகவே இருக்கலாம். நான் நம்பவில்லை.

நவராத்திரி. கோயிலிலிருந்து மேளச் சத்தம் சாத்திய ஜன்னல் வழியாக வரும். பிறந்து வளர்ந்த ஊரில், நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் கோயிலுக்கு நான் போகக்கூடாது. கடலூர் அலுவலகக்காரர்கள் குடும்பத்தோடு வருவார்களாம். கீழே கொலு பார்க்க வருகிறவர்கள் சத்தம் கேட்டால் மாடியில் நாங்கள் இருமக்கூடாது. தம்பி மனைவி சுண்டலைத் தட்டில் போட்டுக்கொண்டு வந்து, "அண்ணி, கல்கத்தால சுண்டல் கெடைக்குதா?" என்றாள். நல்ல பெண்தான். என்னைச் சிரிக்கவைக்கப் பார்த்தாள். என் கணவர் சிரித்தார். நான் அவரோடு பேசுவதை அதற்கு முதல் நாளே நிறுத்தியிருந்தேன்.

திரும்பும்போது அவர்கள் காட்டிய கவனத்தைச் சொல்ல வேண்டும். சிதம்பரத்திலிருந்து நேரே வந்தால் தெற்கிலிருந்து வருவது தெரிந்துவிடுமாம். தம்பி கார் எங்களைப் புவனகிரி, வடலூர், பண்ருட்டி என்று ஊரைச் சுற்றிக்கொண்டுவந்து, சென்னையிலிருந்து வருகிறவர்கள் போல வீட்டு வாசலில் இறக்கியது. சிதம்பரத்தில் வாங்கிய ரசகுல்லா டின்னில் சென்னை முகவரி ஒட்டியிருந்தது. வெந்நீரில் ஊறவைத்து அதை உரித்தெடுத்தார். நல்ல பயணத்துக்கு இந்த உழைப்பில் பாதி போதும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரோடு வேலை பார்க்கும் ஒருவர் மனைவியோடு வீட்டுக்கு வந்தார். அவர்களுக்கும் எல்டிசி பாக்கி இருந்தது. கல்கத்தா போகலாமா, சிம்லா போகலாமா என்று கேட்க வந்தார்கள். அந்த அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, "எப்டிங்க்கா இருந்துச்சு? நீங்க ரொம்ப ஆசப்பட்டீங்கன்னு இவுரு சொன்னாரு" என்றார். உண்மையான ஆர்வத்தோடு கேட்டார். நான் என் கணவரைப் பார்த்தேன்.

"அவளுக்கு அலைச்சல்ல தொண்ட கட்டிக்கிச்சு," என்றார் என் கணவர். பிறகு அவரே ஆரம்பித்தார். ஸ்டேஷனில் இறங்கியது, டிராமில் ஏறியது, கீழே நதி, மண் குவளை டீ. படுக்கையறையில் நான் சொன்ன சொற்கள், நான் சொன்ன வரிசை. கையை எடுத்துக் காட்டும் விதம்கூட என்னுடையது.

"டிராம்ல போனா ஆடுமா சார்?"

"லேசா. கப்பல்ல போற மாரி."

அதை மட்டும் அவரே சேர்த்தார். நான் எழுந்து அடுப்படிக்குப் போனேன். காபி கலந்துவைத்துவிட்டு, அவர்கள் போகும்வரை வெளியே வரவில்லை. அன்று மாலை அந்தப் படத்தைக் கதவிலிருந்து எடுத்துக் கிழித்து அடுப்பில் போட்டேன். அதை இனி அந்த வீட்டில் என்னால் பார்க்க முடியாது.

2010 நடுவில் விசாரணை வந்தது. அந்த அலுவலகத்தில் பலருடைய டிக்கெட் எண்களை மேலிடம் ரயில்வேயிடம் கேட்டதில், ரத்தான டிக்கெட்டுகள் வெளியே வந்துவிட்டன. என் கணவர் விடவில்லை. அந்த ரயிலில் போக முடியாமல் வேறு ரயிலில் பதிவு இல்லாமல் போனதாக எழுதிக் கொடுத்தார். அப்படியானால் போனதைச் சொல்லுங்கள் என்று விசாரணை அதிகாரி கூப்பிட்டார். சென்னையிலிருந்து வந்த அந்த அதிகாரி அதற்கு முன் கல்கத்தாவில் வேலை பார்த்தவர் என்பது இவருக்குத் தெரியாது. ரயிலிலிருந்து இறங்கி விடுதிக்கு எப்படிப் போனீர்கள் என்று கேட்டிருக்கிறார். இவர் டிராமை ஓட்டினார். பாலத்தின் மேலே, நதியைப் பார்த்துக்கொண்டு, கப்பலில் போகிற மாதிரி. அதிகாரி முழுவதும் கேட்டுவிட்டு, பாலத்தில் டிராம் நின்று பதினாறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதே என்று மட்டும் சொன்னாராம்.

அன்று அவர் வீட்டுக்கு வந்த வேகம் எனக்கு மறக்காது. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"உன் புக்கால மானம் போச்சு! டிராம் இருக்குன்னு நீதான சொன்ன?"

"இல்லன்னு சொன்னேன்."

"எப்ப சொன்ன?"

"செவப்பு மைய காட்டிச் சொன்னேன். நீங்கதான் வருஷமெல்லாம் எதுக்குன்னீங்க."

"அத அழுத்தமா சொல்லணுமில்ல? படிச்சவதான நீ?"

நான் அன்று பேசியது முழுவதும் இங்கே எழுத முடியாது. தெருவில் கேட்டிருக்கும். ஐந்தாண்டுப் படிப்பை எடுத்துப் பொய்க்குச் சட்டையாகத் தைத்துப் போட்டுக்கொண்டு, தையல் சரியில்லை என்று என்னிடமே சண்டைக்கு வந்த ஆளை என்ன சொல்வது? தம்பியும் போன் செய்தான். "நீ கொஞ்சம் ஒழுங்கா சொல்லிக் குடுத்திருக்கலாம்கா" என்றான். அவன் கடைக்கும் விசாரணைக் கடிதம் போயிருந்தது. அந்தத் தீபாவளிக்கு நான் சிதம்பரம் போகவில்லை.

2011-இல் உத்தரவு வந்தது. பெற்ற பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும், அடுத்த இரண்டு முறை எல்டிசி கிடையாது. மாடி அறை பாதியில் நின்றது. என் கணவருக்கு அந்தச் செங்கல்தான் வருத்தம். நான் வருடங்களைப் பார்த்தேன். அந்த இரண்டு நான்கு வருடங்களில் ஒன்று 2013-இல் முடியும், இன்னொன்று 2017-இல். இவர் ஓய்வு பெறுவது 2016-இல். அதாவது அரசாங்கச் செலவில் நான் கல்கத்தா போவது இனி இந்தப் பிறவியில் இல்லை. அவர் அலுவலகத்துக்குச் செய்ததற்கு அலுவலகம் அவருக்குத் தண்டனை கொடுத்தது. எனக்குச் செய்ததற்குத் தண்டனை கொடுக்க எங்கேயும் ஓர் அலுவலகம் இல்லை. போதாததற்கு, அவருடைய தண்டனையும் என் தலையில்தான் விழுந்தது.

அந்த டிசம்பர் கடைசியில் ‘தானே’ புயல் அடித்தது. காடாம்புலியூர்த் தோப்பில் நின்ற மரம் என்று சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. முந்திரி வேரோடு சாய்ந்து கிடந்தது. பலா நடுவில் முறிந்திருந்தது. என் கணவர் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அப்பா வைத்த மரங்கள். ஜனவரி முழுவதும் விடுமுறை நாட்களில் நானும் போய் அவரோடு நின்று, கிளைகளை வெட்டி வண்டியில் ஏற்றினேன். அந்த வாரங்களில் நாங்கள் ஓரளவு பேசிக்கொண்டோம். எதையும் மறந்துவிட்டுப் பேசவில்லை. இதை எழுதாவிட்டால் நடந்தது முழுதாக ஆகாது என்பதால் எழுதுகிறேன்.

கோடையில் நான் என் முடிவைச் சொன்னேன். செப்டம்பர் விடுமுறையில் கல்கத்தா. என் சம்பளத்தில்.

"தோப்பே போச்சு. இந்த நேரத்துல உனக்கு ஊர் சுத்தணுமா?"

"தோப்பு நல்லா இருந்தப்பவும் நீங்க கூட்டிட்டுப் போவலியே."

"தனியா எப்டிப் போவ? பாஷ தெரியாது, ஆளு தெரியாது."

"தெரியாமத்தான் போறேன்."

உண்மையாகவே அந்த முறை நான் ஒன்றும் படிக்கவில்லை. நூலகத்துக்குப் போனேன். அந்த அலமாரிக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்றேன். ஒன்றைக்கூட எடுக்க மனம் வரவில்லை. நான் படித்த ஒவ்வொரு பக்கத்தையும் அவருடைய குரலில் கேட்டுவிட்டேன். அந்த மண் குவளை டீயை என் வீட்டு வரவேற்பறையில், ஒரு பொய்யன், இரண்டு பேருக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டான். ஊருக்குப் போகாமல் போனது ஒரு நஷ்டம். படித்த ஊரை இழந்தது வேறு நஷ்டம். பின்னதை யாரும் நஷ்டமாகவே கணக்கில் எடுப்பதில்லை. வேடிக்கையாகச் சொல்கிறவர்கள் யாருக்கும் அது கதையில் ஒரு பகுதி என்றே தெரியாது.

ஜூனில் டிக்கெட் எடுக்கத் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனுக்குப் போனேன். வெயில் ஜாஸ்தி, நான் கொண்டுபோய் விடுகிறேன் என்று அவரே ஸ்கூட்டரை எடுத்தார். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றார். படிவத்தில் என் பெயரை மட்டும் எழுதியிருப்பதை என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். வரிசை நகர்ந்தது. எனக்கு முன்னால் ஒரே ஒருவர்தான் இருந்தார். அப்போது மெதுவாக, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்.

"ரெண்டா போட்டுடேன். எனக்கும் பாக்கணும்னு இருக்கு."

மூன்று வருடத்துக்கு முன் அதே குரலில் அதே வார்த்தையைச் சொல்லியிருந்தால் நான் அவரை அந்தப் பாலத்தில் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போயிருப்பேன். ஒவ்வொரு தெருவுக்கும் வருடம் சொல்லியிருப்பேன். அவர் வேண்டாம் என்றாலும் சொல்லியிருப்பேன்.

"ஒங்களுக்கு எதுக்கு?" என்றேன். "நீங்கதான் போயிட்டு வந்துட்டீங்களே."

எனக்கு முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்துவிட்டு நகர்ந்தார். கவுன்ட்டரில் இருந்தவர் கண்ணாடிக்கு உள்ளேயிருந்து குனிந்து, "எத்தன டிக்கெட்டும்மா? சீக்கிரம் சொல்லுங்க, பின்னாடி ஆளு நிக்கிறாங்க" என்றார்.

"ஒண்ணு," என்றேன்.